செகண்ட் ஹாஃப்ல தூங்கிட்டாரு

இந்தா, ஆரம்பிச்சுட்டான் பாருங்க. பேரு கூட இன்னும் போட்டு முடிக்கல, அதுக்குள்ள ஒருத்தன் கழுத்து போயிருச்சு. பொம்பளைங்க, சின்னப்புள்ளைங்க ஏறுற வண்டி சார் இது. கண்டக்டர் தம்பி, வேற நல்ல படம் இல்லையாய்யா? இல்லையாம். சிரிக்கிறான் பாருங்க.

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். நான் இந்தத் தூக்குவாளிய மடியில வச்சுக்கிறேன். காதரிசி. அரிசியில வெல்லமும் தேங்காயும் போட்டுக் கெளறுனது. எடுத்துக்கங்க. அட, கூச்சப்படாதீங்க, விசேஷ வீட்டுப் பண்டம். எங்க தங்கச்சி மகளுக்கு இன்னைக்குக் காதுகுத்து. ஆண்டிபட்டிக்கு மேக்க, மாப்ள வீட்டு குலசாமி கோயில்ல. நான்தான் தாய்மாமன். என் மடியில வச்சுத்தான் குத்துனாங்க. ஆமா, என் மடியிலதான்.

நீங்க படம் பாப்பீங்களா சார்? நான் எல்லாத்தையும் பாப்பேன். நல்லாருந்தாலும் பாப்பேன், மொக்கையா இருந்தாலும் பாப்பேன். ஆனா இப்ப வர்றது எதுவுமே வெளங்க மாட்டேங்குது. போன மாசம் ஒண்ணு பாத்தேன். கல்யாண மண்டபத்துக்குள்ள மெசின் துப்பாக்கிய வச்சு ஈரோ சுட்டுத் தள்ளுறான். எதுக்குச் சுடுறான், யாரைச் சுடுறான், ஒண்ணும் கெடையாது. சாப்பாட்டுப் பந்தியில உக்காந்திருக்கவனெல்லாம் எலையிலயே விழுறான். நமக்குப் பந்தல், சேர் வாடகைக்கு விடுற தொழில். செல்லூர்ல சோலைமணி பந்தல்னா தெரியும். அந்தப் படத்துல அம்புட்டு சேரும் தூள் தூளாப் போகுது சார். எனக்கு செத்தவன் மேல கூட எரக்கம் வரல, அந்த சேரைப் பாத்துத்தான் வயிறு எரிஞ்சது. அம்புட்டும் புதுசு.

பழைய படமெல்லாம் அப்படியா? போன வாரம் டிவியில அண்ணன் தங்கச்சி படம் ஒண்ணு போட்டான். கருப்பு வெள்ள. பேரு வாயில வர மாட்டேங்குது. அண்ணன்காரன் தங்கச்சிக்காக ஜெயிலுக்குப் போயிட்டு வருவான். திரும்பி வந்தா அவ கதவைச் சாத்திருவா. 'அம்மாடி, நான் வந்திருக்கேன்டா'ன்னு வாசல்ல நிப்பான். தொறக்க மாட்டா. எத்தனை தடவ பாத்தாலும் அந்த எடத்துல எனக்கு அடக்க முடியாது சார். துண்டை வாயில வச்சுக்கிட்டு அழுதேன். ஒரு பொம்பளைக்கு அம்புட்டு நெஞ்சழுத்தம் ஆகுமா? கூடப்பொறந்தவன்ல?

நம்மள பாக்க முரடன் மாதிரி இருக்கும். ஆனா மனசு எளகுன மனசு.

மன்றத்துல இருக்கேன் சார், அதான் படத்தைப் பத்தி இம்புட்டுப் பேசுறேன். பகுதிச் செயலாளர். எந்த நடிகருன்னு சொல்ல மாட்டேன். நீங்க எதிர் மன்றமா இருந்துட்டா மதுரை வரைக்கும் நமக்குள்ள மனஸ்தாபம் ஆயிரும். 'நம்மாளு'ன்னு வச்சுக்கங்க. நம்மாளு படம் வந்தா செல்லூர் ரோட்டுல நான் கட்டுற கட்-அவுட்டுதான் ஒசரம். தொழிலே அதுதானே. கல்யாணம் கூடக் கட்டிக்கல, மன்றம் மன்றம்னே காலம் போயிருச்சு. எங்கம்மா போனப்புறம் தங்கச்சிய நான்தான் வளத்தேன். அழகுமீனா அது பேரு. அழகுன்னுதான் கூப்பிடுவேன். அதை உசிலம்பட்டியில கட்டிக் கொடுத்தேன். மாப்ள பேரு நாகேந்திரன். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கிட்டு இருந்தான். சத்தமாப் பேச மாட்டான், தண்ணி கெடையாது, பீடி கெடையாது. தேடிப் புடிச்சுக் கொடுத்தேன் சார். அதுகளுக்கு ஒரு பொம்பளப்புள்ள, மிதுலா. எனக்குன்னு இருக்குறது அந்தப் புள்ளதான்.

நாகேந்திரன் நல்லவன்தான். ஆனா வாய் இருக்கே, அது சத்தமில்லாம வெசத்தைக் கக்குற வாய்.

கேளுங்க. போன வருசம் நம்மாளு படம் ஒண்ணு வந்துச்சு. மொத நாள் மொத ஷோ. நான்தான் மாப்ளைக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தேன். 'எனக்கெதுக்கு மச்சான், வேன் எடுக்கணும்'னான். 'யோவ், பகுதிச் செயலாளர் மாப்ள மொத ஷோவுக்கு வரலைன்னா என்னய்யா மரியாதை'ன்னு இழுத்துட்டுப் போனேன். நம்மாளு படம் போட்ட பனியன வாங்கி நானே மாட்டி விட்டேன். கட்-அவுட்டுக்குப் பாலு, மேளம், வெடி, பயலுகெல்லாம் ஆடுறாய்ங்க. திருவிழா சார்.

படம் எப்படின்னு கேக்குறீங்களா? உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. மொக்கை. மொதப் பாதி பரவால்ல, நம்மாளு மாட்டுச்சந்தையில ஒரு சண்டை போடுவாரு, அது நல்லாருந்துச்சு. இன்டர்வெல் முடிஞ்சு பாத்தா ஆளு வெளிநாட்டுல இருக்காரு. ஒரு கப்பலு, ஒரு வெள்ளக்காரன், ஒரு பாம்பு. அந்தப் பாம்பு எதுக்கு வந்துச்சுன்னு டைரக்டருக்கே தெரியாது. நான் கட்-அவுட் கட்டுன அலுப்புல இருக்கேன், தியேட்டர்ல ஏசி வேற. கண்ணு சொருகிருச்சு. என்னத்தச் சொல்ல, தூங்கிட்டேன். மனுசன்தானே? மாப்ளதான் தட்டி எழுப்புனான். 'மச்சான், படம் முடிஞ்சுருச்சு'ன்னான்.

வெளிய வந்தா வாசல்ல மைக்கைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாய்ங்கள்ல, யூட்யூபுக்காரய்ங்க. 'படம் எப்படிண்ணே, படம் எப்படிண்ணே'ன்னு. அதுக்கு ஒரு மொறை இருக்கு சார். படம் எப்படி இருந்தாலும் மைக்கைப் பாத்து 'வேற லெவல், தெறி, குடும்பத்தோட பாக்கலாம்'னு கத்திட்டுக் கெளம்பணும். எங்க பயலுக சின்ன வயசுலருந்தே பழகுனது. உள்ள ஒண்ணு நெனப்போம், மைக்குல ஒண்ணு சொல்லுவோம். மன்றம்னா அதான. இவன் அன்னைக்குத்தான் மொத தடவ மொத ஷோவுக்கே வந்திருக்கான். பனியனப் பாத்துட்டு மைக்குக்காரன் நேரா இவன்கிட்டப் போயிட்டான்.

என்ன சொன்னான் தெரியுமா? பதறல, ஒண்ணுமில்ல, வீட்டுல கேட்டா எப்படிச் சொல்லுவானோ அப்படிச் சொல்றான். 'மொதப் பாதி நல்லாருக்குங்க. செகண்ட் ஹாஃப் ரொம்ப இழுவை. எங்க மச்சான் கூட தூங்கிட்டாரு. மன்றத்துல செயலாளரு அவரு. அவரே தூங்கிட்டாருன்னா பாத்துக்கங்களேன்.' சொல்லிட்டு என்னைக் கையைக் காட்டுறான் சார்! கேமரா அப்படியே திரும்புது. நான் கண்ணுல பூளையோட, கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்கிறேன்.

யார்ரா அவன்? ஏய், முன்னாடி சீட்டு, செவப்புச் சட்டை! உன்னத்தான்டா. என்ன சிரிப்பு? காதை இங்க வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியா? படத்தைப் பாத்து சிரிச்சியா? அங்க ஒருத்தன் கொடலு சரிஞ்சு கெடக்குறான், அதைப் பாத்து சிரிப்பு வருதா உனக்கு? எந்திரிச்சு வந்தேன்னா பல்லு பஸ்ஸுக்குள்ள கெடக்கும், பொறுக்கி எடுத்துட்டுத்தான் எறங்கணும், பாத்துக்க. ஆங். திரும்பு. திரும்பி உக்காரு.

இல்ல சார், நான் ஒண்ணும் பண்ணல. நீங்க கையை எடுங்க. மரியாதை இல்லாம சிரிச்சா கோவம் வருமா வராதா?

எங்க விட்டேன்... ஆங். மத்தியானத்துக்குள்ள அது ஊரெல்லாம் பரவிருச்சு. எதிர் மன்றத்துப் பயலுக என் மூஞ்சிய வெட்டி ஒட்டி, தொட்டில்ல போட்டு, தாலாட்டு வச்சு விட்டாய்ங்க. தலகாணி விளம்பரம்னு ஒண்ணு. டீக்கடைக்குப் போனா 'செயலாளரே, நல்லா தூங்குனீங்களா'ங்குறான். மாவட்டத் தலைவரு போன் போட்டாரு. 'என்னய்யா சோலை, நம்ம படத்தை நம்ம ஆளே கவுத்தா எப்படி? உன் வீட்டையே உன்னால அடக்க முடியல, பகுதிய எப்படி அடக்குவ'ன்னாரு. அந்த வார்த்தை சார். அது என் நெஞ்சுல தைச்சுருச்சு. எம்புட்டு வருசம் ஒழைச்சேன் அந்த மன்றத்துக்கு!

சாயங்காலம் பயலுகள ரெண்டு வண்டியில ஏத்திக்கிட்டு உசிலம்பட்டிக்கு விட்டேன். பேசத்தான் போனேன். சத்தியமா பேசத்தான் போனேன். கட்-அவுட்டுக்கு முன்னாடி நின்னு ஒரு மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டா முடிஞ்சுச்சு. அதுக்காகத்தான் ஒரு பயல போனைப் புடிச்சுக்கிட்டே வரச் சொன்னேன்.

மாப்ள வாசப்படியில உக்காந்து புள்ளைக்குத் தயிர்சோறு ஊட்டிக்கிட்டு இருந்தான். மடியில புள்ள. என்னைப் பாத்ததும் சிரிச்சான் சார். அதான் எனக்குத் தாங்கல. ஊரே என்னைப் பாத்து சிரிக்குது, இவனும் சிரிக்கிறான். 'வாங்க மச்சான்'ங்குறான். 'என்னடா சொன்ன மைக்குல'ன்னேன். 'என்ன சொன்னேன், படம் நல்லால்லைன்னேன். நீங்களும் அதைத்தான சொன்னீங்க பைக்குல வரையில'ங்குறான். நியாயம்தான், சொன்னேன். பைக்குல சொன்னேன். மைக்குல சொன்னேனா? 'மன்னிப்புக் கேளு'ன்னேன். 'எதுக்கு மச்சான்? தூங்குனது தப்பா, சொன்னது தப்பா'ன்னான். பின்னாடி நின்ன எங்க பயலுகள்லயே ஒருத்தன் குபுக்குன்னு சிரிச்சுட்டான்.

'புள்ளைய எறக்கி விடுறா'ன்னு சொன்னேன் சார். சொல்லிட்டுத்தான் அடிச்சேன். கேட்டுக்கங்க, சொல்லாம அடிக்கல. அவன் எறக்கல. அதுக்கு நான் என்ன பண்றது? கையில தயிர்சோறோட, புள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். ஒரே அப்பு. எடது பக்கம், காதோட சேத்து. பந்தக்கால் ஊனுற கை சார் இது, சும்மா இல்ல. அப்படியே சாஞ்சான். சாயையிலயும் புள்ளைய விடல. அப்புறம் சட்டையப் புடிச்சு இழுத்து எறக்கி தெருவுல போட்டு மிதிச்சேன். எங்கெங்க மிதிச்சேன்னு நெனப்பில்ல. பயலுகளும் ஆளுக்கு ஒண்ணு போட்டாய்ங்க. அவன் திருப்பி ஒரு அடி அடிக்கணுமே? கெடையாது. ரெண்டு கையாலயும் புள்ளைய மூடிக்கிட்டுக் குப்புறக் கெடந்தான். புள்ள அவனுக்கு அடியில கெடந்து கத்துது. கத்து கத்துன்னு கத்துது. எனக்குத் தலைக்குள்ள ஒரே எரைச்சலு. 'சத்தம் போட்ட, உங்கப்பன இன்னும் ஒண்ணு வைப்பேன்'னு ஒரு அதட்டு அதட்டுனேன். கப்புனு வாயை மூடிக்கிச்சு. அம்புட்டு அறிவு சார் அந்தப் புள்ளைக்கு.

அழகு கொல்லைப்பக்கம் துணி தொவைச்சுக்கிட்டு இருந்திருக்கு. ஓடியாந்துச்சு. மாப்ள காதுலருந்து ரத்தம் ஒழுகி அந்தத் தயிர்சோத்துல எறங்குது. அது என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க. ஒரு வார்த்தை திட்டிருக்கலாம், மண்ணை வாரித் தூத்திருக்கலாம். புருசனத் தூக்கி விட்டுச்சு, புள்ளைய இடுப்புல வச்சுச்சு, உள்ள போயிக் கதவைச் சாத்திருச்சு.

ஆஸ்பத்திரியில மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லிச்சாம். போலீஸு கேஸுன்னு போகல. அண்ணன் மேல பாசம் இல்லாமலா சார் அப்படிச் சொல்லும்? அதை வச்சுத்தான் நான் இத்தனை நாளும் தெம்பா இருந்தேன். ஆனா போன் போட்டா எடுக்காது. தீபாவளிக்குத் துணி எடுத்துட்டுப் போனேன், கதவைத் தொறக்கல. வாசல்ல நின்னு 'அழகு, அண்ணன் வந்திருக்கேன்டா'ங்குறேன். உள்ள புள்ளச் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தது, நான் பேசுனதும் அதுவும் நின்னு போச்சு. துணிய வாசல்லயே வச்சுட்டு வந்தேன். எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க!

மாப்ளைக்கு அந்தக் காது போயிருச்சு. செவிப்பறை கிழிஞ்சுருச்சாம். வேன் ஓட்டக்கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க, பின்னாடி ஆரன் அடிச்சா கேக்கலையாம். இப்ப ஜவுளிக்கடையில துணி மடிச்சுப் போடுறான். நெழல்ல இருக்குற வேலை. ஒரு வகையில நல்லதுதானே, வெயில்ல வேன் ஓட்டிக்கிட்டு...

வீடியோவா? போட்டோம். 'துரோகிக்குப் பாடம்'னு. மாவட்டத் தலைவரு கூப்பிட்டு முதுகுல தட்டுனாரு. என் பதவியும் நின்னுச்சு.

இதுல ஒரு விசயம் கேளுங்க. நம்மாளு மனசு எம்புட்டுப் பெருசுன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது. அடுத்த படத்துக்குப் பாட்டு வெளியீட்டு விழா. நாங்கெல்லாம் பஸ்ஸு புடிச்சு மெட்ராஸு போனோம். மேடையில நம்மாளு மைக்கைப் புடிச்சு, 'போன படம் சரியில்லதாங்க, ஒத்துக்கிறேன். செகண்ட் ஹாஃப்ல எனக்கே தூக்கம் வந்துருச்சு. எங்க வீட்டம்மாதான் தட்டி எழுப்புனாங்க'ன்னாரு சார்! மைதானமே அதிருது. விசில்னா விசிலு. நான் சேர் மேல ஏறி நின்னு விசில் அடிச்சேன். கண்ணுல தண்ணியே வந்துருச்சு. தன் படத்தைத் தானே மொக்கைன்னு சொல்றதுக்கு எம்புட்டுத் தைரியம் வேணும்! என்ன ஒரு பெருந்தன்மை! அந்த மாதிரி மனுசனுக்காக என்ன வேணாலும் பண்ணலாம்ல?

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? மாப்ளையா? அவன் சொன்னதும் இவரு சொன்னதும் ஒண்ணா? யாரு சொல்றாங்கன்னு இருக்குல்ல சார்.

சரி, காதுகுத்துக்கு வாரேன். புள்ளைக்கு நாலு வயசாகப் போகுது. இன்னும் குத்தலையேன்னு அவங்க பங்காளி வீட்டுல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. தாய்மாமன் மடியில உக்கார வச்சாத்தானே குத்த முடியும்? அழகுக்கு நான் ஒருத்தன்தான் கூடப்பொறந்தவன். பெரியப்பன் மகன உக்கார வச்சுக்கலாம்னு அது சொல்லியிருக்கு. என் காதுக்கு வந்துச்சு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல சார். ரோட்டுல போறவன் மடியில என் தங்கச்சி மகளா? அப்படி மட்டும் நடந்திருந்தா அந்தக் கோயில்ல கெடா ரத்தத்தோட வேற ரத்தமும் சேந்து ஓடியிருக்கும். ஆளு விட்டு அதையும் சொல்லி அனுப்பிச்சேன்.

கடைசியில மாப்ளதான் போன் போட்டான். 'வாங்க மச்சான், தாய்மாமன் உரிமை உங்களுது. வந்து நல்லபடியா நடத்திக் குடுங்க. ஒண்ணும் பிரச்சனை வேணாம்'னான். குரலு எப்பவும் போல மெதுவாத்தான் இருந்துச்சு. பாத்தீங்களா, என் அருமை தெரிஞ்சிருக்கு.

நான் விடுவேனா? சீருன்னா சீரு. பழத்தட்டு, பட்டுப்பாவாடை, கெடாக்குட்டி, மேளம், காதுக்குத் தங்கத்தோடு. கோயில் வாசல்ல பெருசா ஃப்ளெக்ஸ் வச்சேன். ஒரு பக்கம் நம்மாளு அருவாளோட நிக்கிறாரு, ஒரு பக்கம் நான் கும்பிடுறேன், நடுவுல புள்ள சிரிக்குது. 'தாய்மாமன் சோலைமணி சீர் சுமந்து வருகிறார், வழிவிடு'ன்னு எழுத்து. அழகு அதை ஏறிட்டுப் பாத்துச்சு. ஒரு ஆளை விட்டு அவுத்து, சுருட்டி, ஓரமா வச்சுருச்சு. காத்துக்குக் கிழிஞ்சுரும்னுதான் அப்படிப் பண்ணியிருக்கும்.

புள்ளைக்கு முடி எடுத்து, சந்தனம் பூசி, என் பட்டுப்பாவாடையக் கட்டி விட்டிருந்தாங்க. நான் போயி மாப்ள பக்கத்துல உக்காந்தேன். பழசையெல்லாம் மறந்துருவோம்னுதான். 'மாப்ள, நல்லாருக்கீங்களா'ன்னேன். பேசல. 'மாப்ள, உங்களத்தான் கேக்குறேன்'னேன். நேராப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். இத்தனை சனம் பாக்குது. சீரு கொண்டாந்த தாய்மாமன் கேக்குறேன், திரும்பிக் கூடப் பாக்கலைன்னா எப்படி? எனக்கு எங்கருந்துதான் வந்துச்சோ, எந்திரிச்சு, 'என்னடா திமிரா'ன்னு கையை ஓங்கிட்டேன்.

மேளம் நின்னு போச்சு சார். சனமெல்லாம் அப்படியே நிக்கிது. அழகுதான் நடுவுல வந்து நின்னுச்சு. ஒரு வருசத்துக்கு அப்புறம் என்கிட்டப் பேசுன மொத வார்த்தை. 'அண்ணே, அந்தப் பக்கம் கேக்காது. இந்தப் பக்கம் வந்து பேசு.' அம்புட்டுத்தான். சத்தமே இல்லாமச் சொல்லிச்சு. மாப்ள அப்பத்தான் திரும்பி, 'என்ன மச்சான், கூப்பிட்டீங்களா'ங்குறான். நான் கையை எறக்கிட்டேன். இதை மொதல்லயே ஒருத்தராவது சொல்லியிருந்தா நான் எதுக்குக் கையை ஓங்கப் போறேன்?

அப்புறம் ஆசாரி வந்து உக்காந்தாரு. நான் கெழக்கப் பாத்து உக்காந்தேன், புள்ளையக் கொண்டாந்து என் மடியில வச்சாங்க. ஒரு வருசமாச்சு சார் அந்தப் புள்ளையத் தொட்டு. எம்புட்டு ஆசை ஆசையா இருந்தேன் தெரியுமா? தலையில சந்தன வாசம். நான் 'மிதுலாக்குட்டி, மாமாவைப் பாரு'ங்குறேன். அது பாக்கல. அவங்கப்பனையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஒடம்பு மட்டும் வெறகுக்கட்டை மாதிரி வெறைச்சு இருந்துச்சு. ஊசிய நெனச்சுப் பயம், வேறென்ன.

ஆசாரி குத்துற எடம் பாத்துக் காதுல பொட்டு வச்சாரு. எல்லாப் புள்ளையும் இந்த எடத்துல ஊரைக் கூட்டும், வாயில வாழைப்பழத்தைத் திணிச்சாலும் துப்பிட்டுக் கத்தும். நான் கையைக் காலைப் புடிக்க ஆள வச்சுக்கிட்டுத் தயாரா இருக்கேன். ஆசாரி ஒரு காதைக் குத்துனாரு. சத்தமே இல்ல. ரத்தம் புளிச்சுனு வருது, புள்ள 'ம்' கூடச் சொல்லல. உதட்டைக் கடிச்சுக்கிட்டு அவங்கப்பனையே பாக்குது. மறு காது. அதுக்கும் சத்தமில்ல. ஆசாரியே பயந்து போயி, 'என்னம்மா, வலிக்கலையா'ன்னு கேக்குறாரு. கண்ணுலருந்து மட்டும் தண்ணி கொட்டுது. என் வேட்டியெல்லாம் ஈரமா இருக்கு. ஒண்ணுக்குப் போயிருச்சு. சின்னப்புள்ளதானே.

எனக்கு நெஞ்சு நிமிந்துருச்சு சார். 'பாத்தீங்களாய்யா, எங்க வீட்டு ரத்தம்! ஊசிக்கே அசரல பாரு'ன்னு சத்தமாச் சொன்னேன். ஒருத்தரும் கை தட்டல. அந்தூர் சனத்துக்கு ஒண்ணும் தெரியல.

குத்தி முடிச்சதும் மடிய விட்டு நழுவி ஓடுச்சு, நேரா அவங்கப்பன்கிட்ட. அவன் தூக்கித் தோள்ல சாத்துனான். அப்ப அழுதுச்சு பாருங்க. அடேங்கப்பா! குத்துனப்ப அழுகாதது, குத்தி முடிச்சு அங்க போயி அப்பன் தோள்ல அழுகுது, மூச்சு விடாம அழுகுது. நான் பழத்தைக் குடுத்து சமாதானம் பண்ணுவோம்னு பின்னாடியே போனேன். அவன் எடது பக்கம்தான் நின்னேன். புள்ள அழுகைய அடக்கிக்கிட்டு, அவன் எடது காதுல வாயை வச்சு ரகசியம் சொல்லுது.

'அப்பா, நான் சத்தமே போடலப்பா. மாமா இனிமே உன்ன அடிக்க மாட்டாருல்ல?'

அவன் 'என்னடா தங்கம், என்ன சொன்ன'ன்னு முதுகத் தட்டிக்கிட்டே நிக்கிறான். அவனுக்குக் கேக்கல சார். எனக்குத்தான் கேட்டுச்சு. அவ்வளவு பக்கத்துல நிக்கிறேன்.

பந்தியில உக்காரல. கெடாக்கறி வெந்துக்கிட்டு இருந்துச்சு, 'சாப்ட்டுப் போண்ணே'ன்னு கூட யாரும் சொல்லல. நானே காதரிசிய எடுத்துக் கட்டிக்கிட்டு பஸ்ஸு ஏறிட்டேன்.

இதெல்லாம் யாரு அந்தப் புள்ள மனசுல ஏத்துறது? செல்போனைக் குடுத்து விட்டா இப்படித்தான். எந்த நேரமும் வெட்டு, குத்து, அடிதடி. பாத்துப் பாத்துப் பயந்து கெடக்குதுங்க. படம் எடுக்குறவன நிக்க வச்சு உதைக்கணும் சார். நான் அவன எதுக்கு இனிமே அடிக்கப் போறேன்? அவன் ஒழுங்கா இருந்தா நான் எதுக்கு அடிக்கப் போறேன்? நான் என்ன அப்படிப்பட்ட ஆளா? நீங்களே சொல்லுங்க. இம்புட்டு நேரம் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு வர்றீங்க. சொல்லுங்க சார்.

ஏன் சார் எந்திரிக்கிறீங்க? உங்க ஸ்டாப்பு இன்னும் வரலையே. உக்காருங்க. சார், உக்காருன்னு சொல்றேன்ல?